அரைக் கட்டை இறக்கினால் என்ன?

நெய்யாற்றங்கரைக்கு வடகிழக்கே, மலையடிவாரத்தில், தமிழ்நாட்டின் ஆறுகாணி, பத்துகாணிப் பக்கத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது அம்பூரி. ராக் இசைக்கும் இந்த மலையோரத்துக்கும் என்ன உறவு என்று கேட்பவருக்கு இரண்டு பாடல்களைச் சொல்லலாம். டெல்லியின் இந்தியன் ஓஷன் குழு 2000-ல் வெளியிட்ட 'கந்தீசா' தொகுப்பின் தலைப்புப் பாடல், கேரளச் சுறியானி கிறிஸ்தவர்களின் பழைய துதியிலிருந்து பிறந்தது. நடுத் திருவிதாங்கூரிலிருந்து வந்து அம்பூரியில் காடு திருத்திக் குடியேறிய குடும்பங்கள் அந்த மரபைச் சேர்ந்தவை. இரண்டாவது, திருவனந்தபுரத்தில் 2003-ல் உருவான அவியல் குழுவின் 'ஆடு பாம்பே'. அதன் மூலம் ஸ்ரீநாராயண குருவின் குண்டலினிப் பாட்டு. குரு 1888-ல் சிவனைப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறம் நெய்யாற்றின் கரையில், நெய்யாற்றங்கரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாம்பாட்டிச் சித்தரை அறிந்த தமிழ்க் காதுக்கு அந்தப் பாட்டின் தலைப்பே பழகிய குரல்.

இந்தியன் ஓஷன் 1990-ல் தொடங்கிய குழு. முப்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அவியலும் இருபதைக் கடந்துவிட்டது. இவர்களைப் போன்ற மூத்த குழுக்கள் மேடையேறும்போது கூட்டத்தில் பாதிப் பேர் கேசட்டில் கேட்டதை அப்படியே எதிர்பார்த்து வருகிறார்கள். குரல் சற்று இறங்கினால், ஒரு பாட்டு மெதுவானால், 'ஆள் தீர்ந்துவிட்டார்' என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பு. வேகம் குறைந்த பந்துவீச்சாளர் அளவையும் திசையையும் வைத்து விக்கெட் எடுப்பதைக் கைதட்டி ரசிக்கிறவர்கள், மேடையில் அதே வித்தை நடக்கும்போது மட்டும் ஏன் கவனிக்க மறுக்கிறார்கள்?

2003 ஏப்ரல் 4. பெங்களூரு அரண்மனை மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ். மழை கொட்டியது, ஆட்டம் நிற்கவில்லை. மிக் ஜாகருக்கும் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் அப்போது வயது 59, டிரம்ஸில் இருந்த சார்லி வாட்ஸுக்கு 61. மூன்று நாள் கழித்து மும்பை பிராபோர்ன் மைதானத்திலும் வாசித்தார்கள். மேடை முழுக்க ஓடுகிற ஜாகரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அந்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிக்கிற ஏற்பாட்டைப் பார்ப்பவர் குறைவு. நிகழ்ச்சியின் நடுவே ஜாகர் உள்ளே போய்விடுவார். ரிச்சர்ட்ஸ் மைக்கைப் பிடித்து இரண்டு பாட்டுப் பாடுவார். ரசிகருக்கு அது ஒரு மாறுதல், பாடகருக்கு மூச்சு வாங்கும் நேரம். பல ஆண்டுகளாக அவர்கள் கைவிடாத வழக்கம் இது.

வாட்ஸின் கைகளையும் பார்த்திருக்க வேண்டும். வலது கை ஹை-ஹாட் தட்டில் ஓடிக்கொண்டிருக்கும், இடது கை ஸ்னேர் மேளத்தில் விழுகிற கணத்தில் மட்டும் வலது கை எழும்பிவிடும். இரண்டும் ஒன்றாக விழாததால் தாளத்துக்கு ஒரு தளர்ச்சி, ஒரு ஊசலாட்டம் கிடைத்தது. அலட்டல் இல்லாத, சிக்கனமான வாசிப்பு. அறுபது வயதிலும் அது குலையாததற்குக் காரணம், இருபது வயதிலேயே அவர் பலத்தை நம்பி வாசிக்காததுதான். வாட்ஸ் 2021 ஆகஸ்டில் மறைந்தார். இன்று அந்த இருக்கையில் ஸ்டீவ் ஜோர்டன். ரிச்சர்ட்ஸின் விரல்களில் கீல்வாதம். அது தன் வாசிப்பை மாற்றியிருப்பதையும், முடியாத இடத்தில் வேறு வழி பிடிபடுவதையும் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

குரலின் கதை இன்னும் கடினம். வயது ஏற ஏறக் குரல்நாண்களின் நெகிழ்வு குறையும், நுரையீரல் பிடித்து வைக்கும் காற்றும் குறையும். முதலில் போவது மேல்ஸ்தாயி. டீப் பர்ப்பிள் குழுவின் இயன் கில்லன் இருபத்து நான்கு வயதில் பதிவு செய்த 'சைல்ட் இன் டைம்' அலறலுக்குப் பெயர் போனது. 2002-க்குப் பிறகு அதை அவர் மேடையில் பாடுவதில்லை. குழுவின் மிகப் பெரிய பாட்டுகளில் ஒன்றை, கூட்டம் கேட்டும், நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடுவதற்குத் துணிச்சல் வேண்டும். பாட்டின் மேல் வைத்த மரியாதை அது. மெட்டாலிகா எடுத்த முடிவு வேறு. பதிவில் உள்ளதைவிட அரைக் கட்டை இறக்கித்தான் அவர்கள் பல ஆண்டுகளாக மேடையில் வாசிக்கிறார்கள். 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரில் அவர்களுடன் சேர்ந்து தொண்டை கிழியப் பாடிய பல்லாயிரம் பேரில், அரைக் கட்டை குறைவு என்று வருத்தப்பட்டு வீடு திரும்பியவர் யாரும் இருக்க முடியாது.

கட்டையை இறக்குவது நம் ஊர்க் கச்சேரி மேடைக்குப் புதிதல்ல. நான்கு கட்டையில் பாடிய வித்வான் மூன்று கட்டைக்கு வந்தால் முன்வரிசை அதை இயல்பாக ஏற்கிறது, சில ராகங்கள் இப்போதுதான் கனிந்திருக்கின்றன என்றுகூடச் சொல்கிறது. ராக் பாடகருக்கு அந்தச் சலுகையைத் தர மறுப்பது அநியாயம்.

ஆள் மாறினால் அது அதே குழுவா என்ற கேள்விக்கு இந்தியன் ஓஷனைவிட நல்ல பாடம் இந்தியாவில் இல்லை. அசீம் சக்ரவர்த்தி தபலாவை வாசித்துக்கொண்டே முதன்மைக் குரலும் கொடுத்தவர். கையும் தொண்டையும் ஒரே மூச்சில் போகும். தபலாவில் விழுகிற அழுத்தம் சொல்லிலும் விழும். 2009 டிசம்பர் 25 அன்று அவர் காலமானார். அந்த இடத்தை ஒருவரால் நிரப்ப முடியவில்லை. தபலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி, குரலுக்கு ஹிமான்ஷு ஜோஷி என்று இருவர் வந்தார்கள். பிறகு, குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிட்டார் கலைஞர் சுஸ்மித் சென்னும் 2013-ல் விலக, நிகில் ராவ் சேர்ந்தார். பழைய வரிசையில் மிஞ்சியவர்கள் பேஸ் வாசிக்கும் ராகுல் ராமும் டிரம்ஸ் வாசிக்கும் அமித் கிலமும்.

ஆனால் மேடையில் 'கந்தீசா' தொடங்கும்போது என்ன நடக்கிறது? முன்பு ஒருவரிடம் குவிந்திருந்த பாரம் இப்போது பரவியிருக்கிறது. குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி எழும்ப, ராகுல் ராமின் பேஸ் அடியில் நின்று எல்லாவற்றையும் கட்டி இழுக்கிறது. அசீமின் கரகரப்பு இல்லை. அந்த இழப்பு இழப்புதான், அதை மறைக்க வேண்டியதில்லை. பதிலுக்கு ஒரு கூட்டு வழிபாட்டின் சாயல் வந்திருக்கிறது. துதிப் பாட்டு ஒன்றுக்கு அது பொருத்தமான மாற்றமே. எனவே இது அதே குழுதான் என்று துணிந்து சொல்லலாம், ஏனென்றால் பாட்டைக் கட்டும் முறை மாறவில்லை.

ஒரு ஆள் மெல்ல விலகுவதையும் கௌரவமாகச் செய்யலாம் என்பதற்கு அயர்ன் மெய்டன் சாட்சி. 2007 மார்ச் 17 அன்று பெங்களூரில் அவர்களின் முதல் இந்திய நிகழ்ச்சி, டெல்லியின் பரிக்ரமா முன்வாசிப்பு. 2008 பிப்ரவரி 1 அன்று மும்பையில் தொடங்கிய அவர்களின் உலகச் சுற்றுப்பயணத்தில், குழு பறந்த போயிங் 757 விமானத்தைப் பாடகர் புரூஸ் டிக்கின்சனே ஓட்டினார். அந்த இரவுகளில் டிரம்ஸ் அடித்த நிக்கோ மெக்பிரைனுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம். அதே ஆண்டு மேடைக்குத் திரும்பினார். முன்பு மழைபோலப் பொழிந்த சில வேகமான உருட்டல்களை விட்டுவிட்டு, தாளத்தின் நடையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 2024 டிசம்பர் 7, சாவோ பாவ்லோவில் கடைசி நிகழ்ச்சி. அவருக்கு அப்போது வயது 72.

பிளாக் சபாத் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் எழுந்து நிற்க முடியாத நிலையில், 2025 ஜூலை 5 அன்று பிறந்த ஊரான பர்மிங்காமில் கருப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். குழுவின் முதல் நால்வரும் அன்று ஒன்று சேர்ந்தார்கள். பதினேழு நாளில் அவர் இறந்தார்.

இதை எல்லைக் கிராமத்தவர் தொலைதூரச் செய்தியாகக் கேட்க மாட்டார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்து இடவாக்காரர் பஷீர், கேரளக் கோவில் திருவிழா மேடைகளில் கானமேளாவை வளர்த்தவர்களில் முதன்மையானவர். 2022 மே 28 அன்று ஆலப்புழை புளூ டயமண்ட்ஸ் இசைக்குழுவின் பொன்விழா மேடையில், யேசுதாஸ் பாடிய ஓர் இந்திப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து உயிர் நீத்தார். வயது 78. கானமேளா ராக் அல்ல என்று பிரிப்பவர்கள் உண்டு. ஆனால் எலெக்ட்ரிக் கிட்டாரையும் டிரம்ஸையும் இந்தப் பக்கத்துச் சிற்றூர்கள் முதலில் நேரில் பார்த்தது கானமேளா மேடையில்தான். மூத்த பாடகர் அரைக் கட்டை இறக்கி, கடினமான சங்கதியைச் சுற்றிக்கொண்டு போய், கடைசிச் சரணத்தில் கூட்டத்தையே பாட வைக்கும் வித்தையும் அங்கே பார்த்ததுதான்.

ஏற்கக் கூடாதது ஒன்று உண்டு. பதிவு செய்த குரலை ஓடவிட்டு வாயசைப்பது. கட்டை இறங்கலாம், பாட்டு குறையலாம், உட்கார்ந்து பாடலாம், இன்னொருவர் தோள் கொடுக்கலாம். அங்கே கேட்கிற சத்தம் அந்த நேரத்தில், அந்த உடலிலிருந்து வர வேண்டும். டிக்கெட் வாங்கியவருக்கும், திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தவருக்கும் அந்த உரிமை இருக்கிறது.

வாய்ப்புகள் குறைந்துகொண்டே வருகின்றன. 2007 ஜூனில் ஏரோஸ்மித் பெங்களூருக்கு வந்தபோது பார்க்காதவர் இனிப் பார்ப்பது அரிது. பாடகர் ஸ்டீவன் டைலரின் தொண்டைக் காயத்தால் 2024 ஆகஸ்டில் குழு சுற்றுப்பயணங்களை முடித்துக்கொண்டது. நம் குழுக்களுக்காவது பக்கத்திலேயே மேடை கிடைக்க வேண்டும். நெய்யாற்றங்கரை, பாறசாலை, வெள்ளறடைப் பக்கத்துக் கோவில் திருவிழாக் குழுக்களும் பெருநாள் குழுக்களும் ஆண்டுக்கு ஓர் இரவையாவது இந்தியன் ஓஷன், அவியல் போன்றவர்களுக்கு ஒதுக்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. அதை ஏற்பாட்டாளர்கள் தொல்லையாக நினைக்கத் தேவையில்லை. அறுபது வயதுக் குரல் நள்ளிரவுக்குக் காத்திருந்தால் கெட்டிப்படும். பொன்னாடைகளையும் பேச்சுகளையும் ஆறரைக்குள் முடித்துவிட்டு, சரியாக ஏழு மணிக்கு மைக்கைப் பாடகர் கையில் கொடுத்துவிட்டால், நிறுத்தி நிதானமாகப் பாட முழுசாக மூன்று மணி நேரம் கிடைக்கும்.