பிரியஸுக்கு ஆயில் மாற்றும் சுகம்

டொயோட்டா பிரியஸுக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றுவதில் தனி ருசி உண்டு. 'ரெடி' விளக்கு எரிந்தால், சத்தமின்றி நிற்கும் கார் பேட்டரி இறங்கியதும் தானே இன்ஜினைக் கிளப்பிவிடும். ஆயில் வடிந்த நேரத்தில் அப்படிக் கிளம்பினால் இன்ஜின் தொலைந்தது. எனவே முதலில் காரை அணைத்து, சாவியை வீட்டுக்குள் வைத்துவிடுவது நல்லது.

அடி போல்ட்டைக் கழற்றியதும் கருத்த ஆயில் கயிறாகப் பாய்ந்து, நூலாகி, பிறகு சொட்டாகும். வேடிக்கை பார்க்கப் பொறுமை வேண்டும். அவசரக்காரர்கள் மெக்கானிக்கிடமே போகலாம். அடிக்கடி நின்று கிளம்பும் இன்ஜினுக்குச் சட்டென்று மேலேறும் மெல்லிய 0டபிள்யூ-20 ஆயில்தான் பொருத்தம். மூன்றாம் தலைமுறை பிரியஸுக்கு ஃபில்டரோடு சேர்த்து 4.2 லிட்டர் பிடிக்கும். போல்ட் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கு அடியில் மட்டும் படுக்காதீர்கள்.