கதை ஊறும் வீடுகள்

சென்னைப் புறநகரான சிட்லபாக்கத்தில் வீடுகளுக்கு முதுமை வாய்ப்பதில்லை. கிணறும் வேப்பமரமுமாக இருந்த தனி வீடு இடிந்து, சீக்கிரமே அடுக்ககம் எழுந்துவிடுகிறது. பேய்க்கதை ஊற வீடு சில தலைமுறையாவது நிற்க வேண்டும்.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் அப்படி நின்ற வீடுகள் உண்டு. 1880இல் ஜான் டெய்லர் என்ற சுரங்க நிறுவனம் வந்தபின் எழுந்த ஆங்கிலேயர் பங்களாக்கள் அவை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டதும் பல கட்டடங்கள் ஆளின்றிப் பாழடைந்தன.

அமெரிக்காவின் பழைய வெள்ளிச் சுரங்க நகரான வர்ஜீனியா சிட்டியில் இத்தகைய பழைய கட்டடங்களைச் சுற்றிப் பேய் உலா நடத்துகிறார்கள். அந்தக் கலையில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். வாசலுக்கு வாசல் நின்று, இங்கே யார் வாழ்ந்தார், எப்படி இறந்தார் என்று கதை சொல்வது அது. அச்சம் கண்ணைக் கூர்மையாக்கும். பகலில் பார்க்காத தாழ்ப்பாளும் அப்போது தெரியும்.

தங்கவயலுக்கும் இப்படியோர் உலா வேண்டும். அது பங்களாக்களோடு முடியாமல், வட ஆற்காட்டுத் தமிழர்கள் வாழ்ந்த தொழிலாளர் லைன் வீடுகள் வரை போகவேண்டும். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை வெடித்து மாண்டவர்களின் பெயர்களை அங்கே உரக்கச் சொல்லவேண்டும்.