அருகே மாட்டினால் ஒப்பீடு ஆகிவிடுமா?

வெவ்வேறு இயக்கங்களின் ஓவியர்களை ஒரே சுவரில் அருகருகே மாட்டுவது இன்று நம் காட்சிக்கூடங்களில் மோஸ்தராகிவிட்டது. பம்பாய் முற்போக்குக் குழுவின் ரசாவுக்குப் பக்கத்தில் சென்னையின் கே.சி.எஸ். பணிக்கர், ஹுசைனின் கோட்டுக்கு எதிரே ஆதிமூலத்தின் கோடு. கால வரிசை பார்வையைக் கட்டிப்போடுகிறது, ஓவியங்களே தமக்குள் பேசிக்கொள்ளட்டும் என்பது இதை ஆதரிப்பவர்களின் வாதம்.

நன்மை இல்லாமலில்லை. தில்லி, மும்பை போய்ப் பார்க்க வழியில்லாதவருக்கு ஒரே மாலையில் பல போக்குகள் அறிமுகமாகின்றன. பழகிய ஓவியம் புதிய துணையோடு வேறு முகம் காட்டுவதும் உண்டு. 2000இல் திறக்கப்பட்ட லண்டன் டேட் மாடர்ன், மோனேயின் அல்லிக்குளத்தையும் ரிச்சர்ட் லாங்கின் சேற்றோவியத்தையும் ஒரே அறையில் வைத்தது அந்த நம்பிக்கையில்தான்.

ஆனால் இங்கே எதை வைத்து ஜோடி சேர்க்கிறார்கள்? பெரும்பாலும் தோற்றத்தை வைத்து. வட்டமும் முக்கோணமும் இருந்தால் போதும். ரசா, பிரேன் தே, ஜி.ஆர். சந்தோஷ், பணிக்கர் எல்லோரும் 'நவ தாந்திரிகம்' என்ற ஒரே பெயருக்குள் அடைக்கப்படுகிறார்கள். என் நெடுநாளைய மறுப்பு இதற்குத்தான்.

பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். 1963இல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். கித்தான் முழுக்கக் கட்டங்கள், கணக்குக் குறிகள், மலையாளச் சாயலில் படிக்க முடியாத எழுத்துகள். தொண்டாமுத்தூரில் கல்யாணப் பேச்செடுத்த எந்த வீட்டாரையும் அதன்முன் நிறுத்துங்கள். ராசிக் கட்டமும் நவாம்சக் கட்டமும் எழுதிய ஜாதகத்தை அவர்கள் உடனே நினைத்துக்கொள்வார்கள். தினமும் கைமாறும் ஒரு காகிதத்தின் ஒழுங்கிலிருந்து அந்த ஓவியம் எழுகிறது. ரசாவின் பிந்து வேறு நிலத்தில் முளைத்தது. 1950இல் பாரிஸ் போனவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுக்குப் பிறகு, மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பள்ளியில் ஆசிரியர் காட்டிய புள்ளியைத் தேடித் திரும்பினார். அது தொலைவில் இருப்பவனின் தியானம். பணிக்கருடையதோ பக்கத்திலேயே இருப்பவனின் கிறுக்கெழுத்து. இரண்டையும் பக்கத்தில் மாட்டியதும் கிறுக்கெழுத்தும் தியானமாகிவிடுகிறது, ஜாதகம் மண்டலமாகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய கேடு, சுவர் நடுநிலையானது அல்ல என்பது. ரசாவின் 'சௌராஷ்ட்ரா' 2010இல் 16.42 கோடி ரூபாய்க்கு ஏலம் போனதை அறிந்து வருகிறவர், விலை கூடியவரையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார். பிந்துவுக்குப் பல ஆண்டு முன்பே தன் குறியீடுகளைத் தீட்டத் தொடங்கிய பணிக்கர் அங்கே பின்பற்றியவராகத் தெரிகிறார். பணிக்கர் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தது 1944இல். பம்பாய்க் குழு பிறந்தது 1947இல். ஆண்டை அகற்றிய சுவர் இதை எப்படிச் சொல்லும்? நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1984இல் பிக்காசோவின் அருகே ஆப்பிரிக்க முகமூடிகளை வைத்தபோதும் எழுந்த கண்டனம் இதுதான்: ஐரோப்பியருக்குப் பெயரும் ஆண்டும், முகமூடிக்கு வெறும் சாயல்.

ஒப்பிடவே கூடாதா? ஒப்பிடலாம், கேள்வியை வைத்து. அதே 1963இல் தில்லியில் ஜெ. சுவாமிநாதனும் நண்பர்களும் 'குரூப் 1890' என்ற பெயரில் தங்கள் ஒரே கண்காட்சியை நடத்தினார்கள். மேற்கை நகலெடுக்காமல் நவீனமாக இருப்பது எப்படி என்பதே பணிக்கர், சுவாமிநாதன் இருவரின் கவலையும். சுவாமிநாதன் பின்னாளில் போபால் பாரத் பவனில் பழங்குடிக் கலைஞர்களை நவீன ஓவியர்களுக்குச் சமமாக வைத்தார். பணிக்கரோ 1966இல், கைவினைப் பொருள் விற்று வாழ்ந்துகொண்டே வரையலாம் என்று சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பினார். இவர்களின் ஓவியங்கள் சாயலில் ஒத்துப்போவதில்லை. ஆனாலும் இவர்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் காலம் புரிகிறது. இப்படி ஜோடி சேர்க்க உழைப்பு வேண்டும். நிறத்தையும் வடிவத்தையும் பொருத்திப் பார்ப்பதற்கு அது தேவையில்லை.

கோவையில் காட்சி வைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஊரில் பிறந்தவரை முதலில் தனியாக, நீர்வண்ணக் காலத்திலிருந்து கடைசிக் கித்தான்வரை, ஆண்டு வரிசையில் காட்டுங்கள். ரசா அதற்குப் பிறகு வரட்டும்.