உட்கார்ந்து சாப்பிடும் பெண்

நம் திரைப்படங்களில் பெண்கள் வெளிநாடு போவது புதிதல்ல. பாட்டுக்காகப் போவார்கள். பனிமலையில் நாயகன் கனத்த கோட்டு போட்டிருப்பான், நாயகி மெல்லிய சேலையில் நடுங்காமல் சிரிப்பாள். அவளுக்குக் குளிராததைப் போலவே பசிக்கவும் செய்யாது. அந்த ஊரில் அவள் என்ன சாப்பிட்டாள், யாரிடம் கேட்டு வாங்கினாள், பிடித்திருந்ததா என்பதெல்லாம் கதைக்குத் தேவைப்படாத செய்திகள். ஊர் அவளுக்குப் பின்னால் நிற்கும் திரைச்சீலை, அவ்வளவுதான்.

அந்தத் திரைச்சீலையைக் கிழித்துக்கொண்டு ஊருக்குள் நடந்த இரண்டு படங்களை இங்கே பேச விரும்புகிறேன். ஒன்று, 2012இல் கௌரி ஷிண்டே இயக்கி, தமிழிலும் வெளியான ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’. மற்றொன்று, 2014இல் விகாஸ் பால் இயக்கிய ‘குயின்’. இரண்டையும் என் மாணவிகளோடு பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டிலும் ஒரு பெண் தனியாக விமானம் ஏறுகிறாள். இரண்டிலும் உணவு வருகிறது, ஐரோப்பியச் சமையல்காரர் ஒருவரும் வருகிறார். இரண்டும் பெண்ணுக்கு விடுதலை தரும் படங்களாகக் கொண்டாடப்பட்டவை. அந்த விடுதலை எந்த இடத்தில் அடுப்படியில் போய் முட்டிக்கொள்கிறது என்பதுதான் என் கேள்வி.

‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’ படத்தின் சசி லட்டு செய்து விற்பவள். நியூயார்க்கில் தனியாக ஒரு காபிக் கடைக்குள் நுழைகிறாள். கடைக்காரப் பெண் கேட்கும் கேள்விகள் புரியவில்லை. பின்னால் வரிசை நீள்கிறது. பதறி, இடித்து, சிந்தி, அழுதபடி வெளியே ஓடுகிறாள். ஆங்கிலம் தெரியாததன் அவமானமாக அந்தக் காட்சி வாசிக்கப்படுகிறது. அது சரிதான். ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் என்ன வேண்டும் என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவளிடம், உனக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தி கேட்கிறாள். மொழி தெரிந்திருந்தாலும் அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வரும்?

ஆங்கில வகுப்பில் அவளுக்கு அறிமுகமாகும் லோரான் ஒரு பிரெஞ்சுச் சமையல்காரர். அவளுடைய சமையலை அவர் கலை என்கிறார். ஆண் சமைத்தால் கலை, பெண் சமைத்தால் அது அவள் கடமை என்ற பொருளில் அவள் பதில் சொல்கிறாள். படத்தின் முழு அரசியலும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. அதைவிட அழகானது, அவர் பிரெஞ்சிலும் அவள் தன் மொழியிலும் பேசிக்கொள்ளும் காட்சி. ஒருவர் சொல் மற்றவருக்குத் தெரியாது, ஆனாலும் இருவரும் பேசுகிறார்கள். கணவனோடு ஒரே மொழியில் பேசியும் கிடைக்காதது அது.

இவ்வளவு தூரம் வந்த படம் கடைசியில் என்ன செய்கிறது? தேர்வு நாளும் அக்காள் மகளின் திருமணமும் ஒரே நாளில் வருகின்றன. திருமணத்துக்கு அவள் செய்து வைத்த லட்டுகளை மகன் விளையாட்டாகத் தட்டிவிடுகிறான். கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னால் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. தேர்வை விட்டுவிட்டு மறுபடி லட்டு பிடிக்கிறாள். தன் தொழிலின்மேல் அவளுக்குள்ள பெருமிதம் என்று இதைக் கொள்ளலாம், அதற்குப் படத்தில் இடம் உண்டு. லட்டு செய்வதற்காகவே பிறந்தவள் என்று கணவன் விருந்தினர்முன் கேலியாகச் சொல்லும்போது அவள் முகம் சுருங்குவதையும் அதே படம்தான் காட்டுகிறது. ஆனால் நியூயார்க்கிலும் மாவுக் கையைக் கழுவிவிட்டுத்தான் அவளால் பேச எழ முடிகிறது. ஆசிரியர் தேடி வந்து சான்றிதழ் தருகிறார். தேர்வறைக்கு அவள் போகவே இல்லை.

‘குயின்’ படத்தின் ராணி தில்லிப் பெண், இனிப்புக்கடைக்காரரின் மகள். திருமணம் வேண்டாம் என்று மாப்பிள்ளை கைவிரித்துவிட, பதிவு செய்து வைத்த தேனிலவுப் பயணத்துக்குத் தனியாகவே கிளம்புகிறாள். முதலில் பாரிஸ். அவனோடு சேர்ந்து பார்க்க நினைத்த ஈபிள் கோபுரம் எந்தத் தெருவில் திரும்பினாலும் அவளைத் துரத்துகிறது. ஒரு நினைவுச்சின்னத்தைத் துன்பமாக மாற்றிய அந்த நகைச்சுவை எனக்கு மிகவும் பிடிக்கும். பாரிஸில் அவள் குடிக்கிறாள், ஆடுகிறாள், தொலைந்து போகிறாள். யாருக்கும் எதையும் செய்து தர வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. அவள் வெறுமனே இருக்கிறாள். படத்தின் உண்மையான விடுமுறை அந்தப் பகுதிதான்.

பிறகு ஆம்ஸ்டர்டாம். இத்தாலியச் சமையல்காரர் ஒருவர் வருகிறார். அவர் சமையலில் காரம் போதவில்லை என்று இவள் குறை சொல்கிறாள். பேச்சு முற்றி, இவள் சமைத்துக் காட்ட வேண்டியதாகிறது. பானி பூரி செய்து விற்று ஜெயிக்கிறாள். திரையரங்கு கைதட்டுகிறது, நானும் தட்டியிருக்கிறேன். தன் கையால் சம்பாதித்த பணம் சாதாரணமானதல்ல. என்றாலும் இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தால் ஒரே வார்ப்பு தெரிகிறது. பெண் வெளியூர் போகலாம், ஆனால் அவள் மதிப்பை நிரூபிக்கக் கரண்டியைத்தான் கையில் எடுக்க வேண்டும். அதற்கு ஐரோப்பிய ஆண் சமையல்காரர் ஒருவர் தலையசைக்கவும் வேண்டும். உட்கார்ந்து ருசிப்பவளாக மட்டும் இருக்க அவளைக் கதை அதிக நேரம் அனுமதிப்பதில்லை.

‘குயின்’ தமிழில் ‘பாரிஸ் பாரிஸ்’ என்ற பெயரில் காஜல் அகர்வால் நடிக்க எடுக்கப்பட்டது. 2018 இறுதியில் முன்னோட்டமும் வந்தது. படம் திரைக்கு வரவில்லை. தணிக்கை, வியாபாரம் என்று காரணங்கள் பேசப்பட்டன. எப்படியோ, தமிழ் பேசிக்கொண்டு பாரிஸில் தனியாகச் சுற்றும் ராணி பெட்டிக்குள்ளேயே இருக்கிறாள்.

வகுப்பில் இதைப் பேசியபோது மாணவிகளிடம் ஒன்று கேட்டேன். தனியாக, உட்கார்ந்து, கடையில் கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள்? பெருங்களத்தூர், முடிச்சூர், கூடுவாஞ்சேரி என்று தினமும் மின்சார ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் வருகிற பிள்ளைகள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. “தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துல பானி பூரி, மேம். ஆனா நின்னுக்கிட்டு” என்றாள் ஒருத்தி. “தனியா உட்கார்ந்தா யாருக்காக வெயிட் பண்றேன்னு பார்ப்பாங்க” என்றாள் இன்னொருத்தி. ராணி ஆம்ஸ்டர்டாமில் விற்ற அதே பானி பூரிதான். இவர்களுக்கு அது நின்றபடி, ரயிலுக்கு நேரமாகிறது என்ற பதற்றத்தோடு விழுங்குவது.

இந்தப் பக்கத்து ஆண்களுக்குப் பிரெஞ்சு விடுமுறை என்றால் கடவுச்சீட்டு தேவையில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து ஏறினால் சில மணி நேரத்தில் பாண்டிச்சேரி. பிரான்ஸ் 1954இல் நிர்வாகத்தைக் கைமாற்றி, 1962இல் சட்டப்படி விட்டுக்கொடுத்த ஊர். மஞ்சள் சுவர்களும் பிரெஞ்சுத் தெருப்பெயர்களும் இன்னும் இருக்கின்றன. வார இறுதியில் அங்கே போகும் ஆண் கூட்டம் எதற்குப் போகிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே ஊருக்குத் தோழிகளோடு ஒரு நாள் போய்வர அனுமதி வாங்க என் மாணவிகள் எத்தனை பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதையும்தான்.

தமிழ் படித்தவள் என்பதால் அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்குச் சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வரும். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைத் தேடிப் போகும் பாணர்களின் வழி ஏறக்குறைய இதுவே. இன்றைய மரக்காணம் பகுதியும் திண்டிவனத்துக் கிடங்கிலும் அதில் உண்டு. வழிநெடுகச் சாப்பாடு. கடற்கரையில் பரதவர் வீட்டில் சுட்ட மீனும் கள்ளும், வேட்டுவர் ஊரில் புளிச்சோறும் இறைச்சியும், மருதநிலத்தில் வெண்சோறும் நண்டும். அந்த உணவுக்குப் பின்னால் எல்லா இடத்திலும் பெண்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை, நிலத்தின் பெயரும் குடியின் பெயரும் மட்டும்தான். அரண்மனைக்கு வந்ததும் சமையலுக்கு நூல் ஒன்று வந்துவிடுகிறது. அர்ச்சுனனின் அண்ணன் வீமன் எழுதியதாகச் சொல்லப்படும் மடைநூலின்படி சமைத்த விருந்து அது. வழியில் பெண் கை, அரண்மனையில் ஆண் நூல். ஆண் சமைத்தால் கலை, பெண் சமைத்தால் கடமை என்று சசி சொன்னதன் பழைய வடிவம் இது. ஆனால் அந்த உலகத்தில் விறலியும் உண்டு. ஊர் ஊராக நடந்து, பாடி ஆடி, விருந்துண்டவள் அவள். அவளை வள்ளலிடம் வழிகாட்டி அனுப்புவதற்கென்றே விறலியாற்றுப்படை என்ற துறை புறநானூற்றில் இருக்கிறது. பயணம் போய் உட்கார்ந்து சாப்பிட்ட பெண் நம் இலக்கியத்துக்கு அந்நியமானவள் அல்ல. பின்னால் வந்தவர்கள் அவளை எழுப்பிவிட்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் இதில் நம்மைவிட மேல் என்று நினைக்க வேண்டாம். அவர்களின் உணவக அடுக்களையைப் படைப்பிரிவுபோல் வரிசைப்படுத்தியவர் எஸ்கோஃபியே. தலைவன் என்று பொருள்படும் ‘ஷெஃப்’ என்ற சொல் அந்த வரிசையின் உச்சியில் உட்கார்ந்தது. ஆனால் திருமணமாகாமல் தாயாகி, லியோன் நகரில் வீட்டுவேலை செய்த எஜெனி பிராசியே என்ற பெண், 1921இல் சொந்த உணவகம் தொடங்கி, 1933இல் தன் 2 உணவகங்களுக்கும் மும்மூன்று மிஷ்லான் நட்சத்திரம் பெற்றார். உலகப் புகழ்பெற்ற பால் போக்யூஸ் அவரிடம் வேலை கற்றவர். நம் வகுப்பறைகளில் போக்யூஸ் பெயர் தெரிந்த பிள்ளைகள் உண்டு, அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. 2010இல் பிரெஞ்சு விருந்துமுறையை யுனெஸ்கோ மரபுச் செல்வமாகச் சேர்த்தது. குறைந்தது 4 சுற்று உணவு, நிதானமான பேச்சு, கூடியிருக்கும் மகிழ்ச்சி. வீட்டில் அந்த 4 சுற்றையும் சமைத்துக் கழுவி வைப்பது யார் என்ற கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே விடுமுறையில் பாரிஸில் 5 நாள் இருந்தேன். ஓர்சே அருங்காட்சியகத்தில் மானே 1863இல் வரைந்த ‘புல்வெளியில் பகலுணவு’ ஓவியத்தின்முன் வெகுநேரம் நின்றேன். கோட்டு போட்ட இரண்டு ஆண்கள், பக்கத்தில் ஆடையில்லாத ஒரு பெண். கூடை கவிழ்ந்து பழமும் ரொட்டியும் சிதறிக் கிடக்கின்றன. சாப்பிட வந்த இடத்தில் அவளே பார்வைக்குப் பரிமாறப்பட்டிருக்கிறாள். ஆனால் அவள் நம்மை நேராகப் பார்க்கிறாள். அந்த மாதிரிப்பெண் விக்டோரின் மெராங் பின்னாளில் தானே ஓவியரானார், 1876இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் இடம்பெற்றார்.

வெளியே வந்து தெருவைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, வெண்ணெய் மணக்கும் குரோசானும் காபியும் கேட்டேன். ஒரு மணி நேரம் யாரும் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை. யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று பார்க்கவில்லை. இடையில் வீட்டிலிருந்து அழைப்பு, தோசை மாவு எந்த டப்பாவில் என்று. சொல்லிவிட்டு, மிச்சத்தை நிதானமாகச் சாப்பிட்டேன். மிகவும் நன்றாக இருந்தது. இதை நாம் கூச்சமில்லாமல் எழுத வேண்டும். வன்முறையைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் எழுதிய அளவுக்குத் தமிழ்ப் பெண்ணியம் பெண்ணின் இன்பத்தைப் பற்றி, குறிப்பாக எதையும் நிரூபிக்கத் தேவையில்லாத ஓய்வைப் பற்றி, இன்னும் எழுதவில்லை.

ஆனால் அந்த இன்பத்துக்குப் பின்கதவு ஒன்று உண்டு. அன்று மாலை லா ஷப்பேல் பக்கம் போனேன். புடவைக் கடை, மளிகைக் கடை, இடியாப்பம், கொத்து ரொட்டி, எங்கும் ஈழத்துத் தமிழ். போரில் தப்பி வந்தவர்களில் எத்தனையோ பேர் பாரிஸ் உணவகங்களின் அடுக்களைகளில் பாத்திரம் கழுவுவதில் தொடங்கியவர்கள். 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ அந்த வாழ்க்கையின் ஓர் ஓரத்தைக் காட்டியது. 2023இல் பாரிஸின் சிறந்த பகெத் ரொட்டிக்கான பரிசைப் பெற்று, ஓராண்டு அதிபர் மாளிகைக்கு ரொட்டி தரும் உரிமை பெற்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. பிரெஞ்சு உணவை ருசிக்கப் போகும் தமிழச்சிக்கு அதைச் செய்து தருவது தமிழ்க் கையாகவும் இருக்கலாம். ‘குயின்’ படத்தில் ராணிக்குப் பாரிஸைத் திறந்துவிடும் விஜயலட்சுமி அவள் தங்கும் விடுதியில் வேலை செய்பவள். ராணியின் கட்டிலுக்கு விரிப்பு மாற்றும் கை எப்படிக் களைக்கிறது என்று படம் கேட்கவில்லை. அவளுடைய துணிச்சலும் அழகுமே கதைக்குப் போதுமானதாக இருந்தன.

ஒருத்தி உட்காருவதற்காக இன்னொருத்தி நாள் முழுக்க நிற்பது விடுதலையாகாது. ஆகவே இத்தகைய கதைகளைப் பார்க்கும்போது 2 கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மாணவிகளிடம் சொல்கிறேன். இவள் எதையும் சமைத்துக் காட்டாமல் சாப்பிட முடிகிறதா? இவளுக்குப் பரிமாறியவள் எப்போது உட்காருவாள்? முதல் கேள்விக்கு இந்த இரண்டு படங்களும் பாதிப் பதில் தந்திருக்கின்றன. இரண்டாவது கேள்வியை நம் கதைகள் இன்னும் தொடவே இல்லை. அதை எழுதப் போகிறவள் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே, கையில் தொன்னையோடு, நின்றுகொண்டு சாப்பிடுபவளாக இருக்கலாம்.