கேட்டும் கேளாதவை

செஞ்சிக்கு வடக்கே, தேசூருக்குப் பக்கத்தில் சீயமங்கலம் என்று ஓர் ஊர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே பாறையைக் குடைந்து சிவனுக்குக் கோயில் எடுத்தான். தன் பட்டப் பெயரைச் சேர்த்து, 'அவனிபாஜன பல்லவேசுவரம்' என்று அதற்குப் பெயரும் வைத்தான். அங்கே நான் போய்ப் படம் எடுத்து வந்து சில வருஷங்கள் ஆகின்றன.

சென்ற வாரம் ஒரு கட்டுரைக்காக, நான் போன தேதி வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தேன். கீழே 05/11 என்று கண்டிருந்தது. நவம்பர் 5 என்று கொண்டு, 'ஐப்பசி மழையில் நனைந்த பாறை' என்று அழகாக ஒரு வாக்கியமும் எழுதிவிட்டேன். பிறகுதான் படத்தை உற்றுப் பார்த்தேன். பாறை வறண்டு கிடக்கிறது. உடன் வந்த நண்பர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணைச் சுளித்து நிற்கிறார். நாங்கள் போனது மே 11, அக்கினி நட்சத்திரத்தில்!

நான் இருப்பது இந்தியா, எனக்கு நாள் முதலில், மாதம் பிறகு என்று அந்தக் கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே அதன் அமைப்பில் குறித்துவைத்தேன். படம் காட்டும் மென்பொருள் அதைச் சட்டை செய்யாமல் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் போட்டுவிட்டது.

இது அற்ப விஷயம் என்று சொல்பவர்கள் உண்டு. 25/11 என்றால் யாரும் ஏமாறமாட்டோம். மாதத்தின் முதல் 12 நாட்களில்தான் வினை. நாளும் மாதமும் ஒரே எண்ணாக வரும் 12 தேதிகளைத் தள்ளினாலும், வருஷத்தில் 132 நாட்கள் இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுக்கின்றன. எனக்குப் போனது ஒரு வாக்கியம். நேர்முகத் தேர்வுக்குப் போகிற பையனுக்கும், மருந்துப் புட்டியில் கெடுநாள் பார்க்கிற தாய்க்கும் அவ்வளவோடு போகுமா?

தெரியாமல் செய்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. உலக மொழிகளின் தேதி, மணி வழக்கங்களை யூனிகோடு நிறுவனம் தொகுத்துப் பொதுவில் வைத்திருக்கிறது. தமிழ் ஒன்றே ஆனாலும் இந்தியத் தமிழருக்கு 12 மணிக் கணக்கு, இலங்கைத் தமிழருக்கு 24 மணிக் கணக்கு என்று அதில் பிரித்தே குறித்திருக்கிறார்கள். இவ்வளவையும் ஒருவர் சேகரித்து வைக்க, இன்னொருவர் எட்டிப் பார்க்கவும் சோம்பினால் அதை என்னவென்பது? தண்டர்பேர்டு என்னும் அஞ்சல் மென்பொருளில், தேதியைச் செயலியின் மொழிப்படி காட்டுவதா, கம்ப்யூட்டரில் குறித்த வட்டாரப்படி காட்டுவதா என்று தேர்ந்துகொள்ள ஓர் இடம் இருக்கிறது. அந்த மட்டில் நல்லதுதான். ஆனால் ஒருமுறை சொன்ன பதிலை மறுபடியும் ஏன் சொல்ல வேண்டும்?

பழைய அரசர்கள் கல்வெட்டில் தங்கள் ஆட்சியாண்டைத்தான் பொறித்தார்கள். 'உனக்கு எந்தக் கணக்கு வசதி?' என்று அவர்கள் நம்மைக் கேட்கவில்லை. கேட்காததால் அவர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. இந்த மென்பொருள்காரர்களோ கேட்கிறார்கள். நாமும் நம்பிப் பதில் சொல்கிறோம்.

கட்டுரையில் மழையை அடித்துவிட்டு வெயிலைப் போட்டேன். தேதியில் மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதினேன்.