ஏணி வருவதற்கு முன்பே ஏறியவர்கள்

வடசென்னையில் இருட்டிய பிறகு ஏதாவது ஒரு கேரம் கிளப்புக்குள் போய்ப் பாருங்கள். ஷேடு போட்ட பல்பு ஒன்று போர்டுக்கு மேலே தாழத் தொங்கும். அறைக்கு வெளிச்சம் அவ்வளவுதான். நான் போன அன்று பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பிரேக் அடிக்க உட்கார்ந்திருந்தாள். ஸ்ட்ரைக்கரை வைத்து, இரண்டு அடிக்கோட்டையும் தொடுகிறதா என்று நகத்தால் லேசாகத் தள்ளிச் சரிபார்த்தாள். பிறகு அடித்தாள். வெள்ளைக் காய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஏழாவது போனதும் ரெட்டை எடுத்தாள், ஃபாலோவும் போட்டாள். கடைசி வெள்ளை மட்டும் பாக்கெட் விளிம்பு வரை போய் நின்றுவிட்டது.

“என்னம்மா அவசரம்?” என்றார் பயிற்சியாளர்.

“அவசரப்படல சார். அந்தப் பக்கம் பவுடர் கம்மி.”

அவள் சொன்னது சரி. அவர் குனிந்து அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்து, பவுடரைத் தூவினார். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியாத வித்தியாசம், இரண்டடிக்கு அப்பால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் விரலுக்குத் தெரிந்திருந்தது.

சச்சினா கோலியா, மெஸ்ஸியா ரொனால்டோவா என்று நாம் மணிக்கணக்கில் சண்டை போடுகிறோம். அந்தச் சண்டைக்கு வீடியோ இருக்கிறது, புள்ளிவிவரம் இருக்கிறது. கேமரா எட்டிப் பார்க்காத விளையாட்டுகளில் யார் தலைசிறந்தவர் என்று கேட்டால், கையில் கிடைப்பது பட்டங்களின் எண்ணிக்கை ஒன்றுதான். அதை வைத்தே பட்டியல் போட்டுவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் தவறு என்பது என் கட்சி.

பெங்களூரின் பங்கஜ் அத்வானி பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் இரண்டிலுமாக 25க்கும் மேற்பட்ட உலகப் பட்டங்கள் வென்றவர். அபாரமான ஆட்டக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் பில்லியர்ட்ஸிலேயே புள்ளிக் கணக்கு ஆட்டத்துக்கு ஒரு பட்டம், நேரக் கணக்கு ஆட்டத்துக்கு இன்னொரு பட்டம் உண்டு. ஸ்னூக்கர் பட்டங்கள் தனி. கேரத்தில் உலகச் சாம்பியன்ஷிப் நாலைந்து வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். 1991, அடுத்து 1995, அதற்கடுத்து 2000. ஒரு முறை விட்டால் ஆட்டக்காரரின் இளமையில் பாதி போய்விடும். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் முள் என்ன சொல்லும்?

ஸ்குவாஷுக்கு வருவோம். 2028 லாஸ் ஏஞ்சலிஸில்தான் அது முதன்முறையாக ஒலிம்பிக்கில் நுழைகிறது. பாகிஸ்தானின் ஜஹாங்கீர் கானுக்கு ஒலிம்பிக் கிடைக்கவே இல்லை. சிறுவயதில் குடலிறக்க நோயால் அவதிப்பட்டவர், விளையாடவே கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அண்ணன் டோர்சம் கான் 1979இல் ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருந்தபோதே சுருண்டு விழுந்து இறந்தார். இரண்டே வருடம் கழித்து, 17 வயதில், ஜெஃப் ஹன்ட்டைத் தோற்கடித்து உலக ஓப்பன் பட்டத்தைத் தூக்கினார் தம்பி. 1981 ஏப்ரலுக்குப் பிறகு அவர் அடுத்த தோல்வியைப் பார்த்தது 1986 நவம்பரில், துலூஸ் நகரில் ராஸ் நார்மனிடம். நடுவில் 555 ஆட்டம் என்று சொல்வார்கள். அந்த எண்ணில் கூடக் குறைய இருக்கலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. ஐந்தரை வருடம் யாரிடமும் தோற்கவில்லை என்பதில் தகராறு கிடையாது.

ஆனாலும் ஸ்குவாஷில் என் ஓட்டு அவருக்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் குவீன்பியன் என்ற ஊரில் பிறந்த ஹெதர் மெக்கேவுக்கு. அவர் தன் ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் தோற்றது இரண்டே ஆட்டங்கள். 1962இல் இரண்டாவது தோல்வி, அதற்குப் பிறகு 1981இல் ஓய்வு பெறும் வரை தோல்வியே இல்லை. பிரிட்டிஷ் ஓப்பனை 1962 முதல் 1977 வரை தொடர்ந்து 16 முறை வென்றார். 1968 இறுதிப் போட்டியில் எதிராளிக்கு ஒரு புள்ளிகூடத் தரவில்லை: 9-0, 9-0, 9-0. போதாக்குறைக்கு ஆஸ்திரேலிய ஹாக்கி அணிக்கும் தேர்வானவர்.

இத்தனைக்கும் அவர் பெயருக்கு எதிரே உள்ள உலகப் பட்டங்கள் இரண்டுதான். காரணம் எளிது. பெண்களுக்கான உலகப் போட்டி 1976 வரை நடத்தப்படவே இல்லை. முதல் போட்டி நடந்தபோது மெக்கேவுக்கு வயது 35. ஆடினார், வென்றார். 1979இல் மறுபடி நடத்தினார்கள், மறுபடி வென்றார். பட்டத்தை எண்ணுபவர் இரண்டு என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். சென்னையின் கேரம் ஆட்டக்காரர் மரிய இருதயம் 1956இல் பிறந்தவர். அதே வருடம்தான் அகில இந்திய கேரம் கூட்டமைப்பும் தொடங்கப்பட்டது. ஒன்பது முறை தேசியச் சாம்பியன். சர்வதேச கேரம் கூட்டமைப்பு உருவானது 1988இல், அதுவும் சென்னையில். முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது 1991இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போது அவருக்கும் ஏறக்குறைய 35. ஆடினார், வென்றார். 1995இல் அடுத்தது வந்தது. நாற்பதை நெருங்கிய வயதில் அதையும் வென்றார். மெக்கேவுக்கு நடந்தது அப்படியே இவருக்கும் நடந்திருக்கிறது. இரண்டு பேருமே ஏணி வருவதற்கு முன்பு சுவரைப் பிடித்து ஏறியவர்கள். பிறகு யாரோ ஏணி கொண்டுவந்து சாத்தியபோது அதிலும் முதலில் ஏறிக் காட்டினார்கள்.

அப்படியானால் இருவரில் யார்? மெக்கே மீது எனக்குள்ள மரியாதையைச் சொல்லிவிட்டேன். ஆனால் அறுபதுகளில் போட்டி போட்டு ஸ்குவாஷ் ஆடிய பெண்கள் உலகத்தில் எத்தனை பேர்? கோர்ட் கட்டப் பணம் வேண்டும், உறுப்பினராகக் கிளப் வேண்டும். மரிய இருதயம் ஜெயித்த கூட்டம் வேறு மாதிரி. கேரம் போர்டு எந்தத் தெருவில் இல்லை? கோடை விடுமுறையில் பாட்டி வீட்டில் ஆடாதவர் யார்? டீக்கடைப் பக்கத்துச் சந்து, மன்றத்துத் திண்ணை, வேலை முடிந்து வந்த மெக்கானிக், பரீட்சை முடிந்த கல்லூரி மாணவன், இவர்களுக்குள்ளிருந்து சலித்துச் சலித்து வருபவர்கள்தான் மாவட்டப் போட்டிக்கு வருகிறார்கள். இலங்கையிலும் இதே கதைதான், அங்கேயும் கேரம் வீட்டு விளையாட்டு. 2012இல் ஆண்கள் உலகப் பட்டத்தை அந்நாட்டின் நிஷாந்த ஃபெர்னாண்டோ வென்றது குருட்டு அதிர்ஷ்டத்தால் நடந்ததில்லை. கேரத்தைச் சின்ன விளையாட்டு என்று சொல்வது பத்திரிகையின் இடக்கணக்கை வைத்துத்தான். ஆடுபவர்களின் தலையை எண்ணினால் அது மிகப் பெரிய விளையாட்டு.

எல்லோரும் ஆடுவதே அதற்கு வினையாகவும் போய்விட்டது. நூறு மீட்டர் ஓட்டத்தைப் பார்க்கும்போது நம்மால் முடியாது என்று உடனே தெரிகிறது. கேரத்தைப் பார்த்தால் ‘நானும் அடிப்பேனே’ என்று தோன்றுகிறது. வீட்டில் நாம் ஆடுவது கறுப்புக்குப் பத்து, வெள்ளைக்கு இருபது, ரெட்டுக்கு ஐம்பது. எது கிட்டே இருக்கிறதோ அதைப் போடலாம். போட்டியில் அவரவர் நிறத்தை மட்டும்தான் போட வேண்டும். எதிராளியிடம் மிஞ்சிய காய்தான் புள்ளி, ரெட்டுக்கு மூன்று. 25 புள்ளி அல்லது எட்டு போர்டு, அதோடு ஒரு கேம் முடிந்தது. ஒரு போர்டில் அதிகபட்சமாக 12 புள்ளி போகும். முதல் முறை ஸ்ட்ரைக்கரைத் தொட்டவர் ஒன்பது காயையும் ரெட்டையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டால் அது ஸ்லாம். எதிரே உட்கார்ந்தவர் விரலை மடக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அளவையும் கவனியுங்கள். பாக்கெட்டின் விட்டம் 4.45 சென்டிமீட்டர். காய் 3 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஸ்ட்ரைக்கரோ 4.13 வரை இருக்கலாம், அதாவது காயின் பின்னாலேயே உள்ளே விழுவதற்கு அதற்கும் இடம் இருக்கிறது. விழுந்தால் ஃபைன். நாற்காலியை நகர்த்தக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது. அடிக்கோட்டுக்குப் பின்னால் கிடக்கும் காயை அடிக்க, ஸ்ட்ரைக்கரை எதிர்ச் சட்டத்தில் மோதவிட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், அல்லது கட்டைவிரலால் பின்பக்கம் அடிக்க வேண்டும். நல்ல ஆட்டக்காரரை அவர் போடும் காயை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம், போடாமல் விட்ட காயைப் பார்க்க வேண்டும். தன் காயைப் பாக்கெட் வாயில் கொண்டுபோய் நிறுத்தி எதிராளியின் வழியை அடைத்துவைப்பார். வீட்டில் அப்படி நின்றால் ‘சே, போச்சே’ என்போம். போட்டியில் பல சமயம் அது வேண்டுமென்றே நிறுத்திய காய்.

‘வட சென்னை’ படத்தில் தனுஷ் கேரம் ஆடுபவராக வந்தபோது பலருக்கு அந்த உலகம் புதிதாகத் தெரிந்தது. அந்தப் பக்கத்து மக்களுக்கு அது தினசரி வாழ்க்கை. வியாசர்பாடியில் மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள் இளவழகி, 2008இல் பிரான்சின் கான் நகரில் உலகச் சாம்பியன் ஆனார். படவிழாவுக்காக உலகமே பேசும் ஊர், அவர் வென்ற செய்தி இங்கே ஒரு பத்திச் செய்தியாக வந்து போயிற்று. பெண்கள் பிரிவில் பட்டங்களின் எண்ணிக்கைப்படி பிகாரின் ராஷ்மி குமாரி முன்னால் நிற்கிறார், உலகச் சாம்பியன் பட்டம் மூன்று முறை. அவர் ஆடிய காலத்தில் ஏணி இருந்தது, அதில் அவர் நேர்மையாக, நீண்ட காலம் ஏறினார். அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில், சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான 17 வயது காசிமா ஒற்றையர், இரட்டையர், அணி என்று மூன்று தங்கம் வாங்கினார். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை தந்தது. மகிழ்ச்சியான விஷயம், காலதாமதமாக வந்திருந்தாலும்.

மறுபடியும் கேள்விக்கு வருகிறேன். ஊடகம் திரும்பிப் பார்க்காத விளையாட்டுகளிலிருந்து ஒரே ஒரு பெயர் எழுதச் சொன்னால் நான் மரிய இருதயம் என்று எழுதுவேன். ஜஹாங்கீருக்கு ஏணி இருந்தது. மெக்கேவுக்கு ஏணி இல்லை, எதிரே நின்ற கூட்டம் சிறியது. இவருக்கு ஏணியும் இல்லை, எதிரே நின்றது ஊரே. நாமெல்லாம் ஆடும் அதே போர்டில், அதே பத்தொன்பது காயை வைத்துக்கொண்டு, நாம் யாரும் எட்ட முடியாத இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.

1996இல் அவருக்கு அர்ஜுனா விருது கொடுத்தார்கள். கேரத்துக்கு அதுவே முதல் அர்ஜுனா. அதற்கடுத்த கால் நூற்றாண்டில் கேரம் ஆடிய ஒருவருக்குக்கூட அந்த விருது போகவில்லை. இளவழகிக்கும் இல்லை, ராஷ்மிக்கும் இல்லை. அன்று கிளப்பில் பவுடர் குறைவைக் கண்டுபிடித்த அந்தப் பெண், நான் கிளம்பும்போது காய்களை மறுபடி நடுவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.