ஒளிப்படச் சான்றும் அதன் எல்லையும்: டிரைப்பின் தஞ்சைப் படங்கள்

ஓலைச்சுவடி பயில்வார் ஒன்றை நன்கறிவர். சுவடியில் மெய்யெழுத்துப் புள்ளி பெறாது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் வரிவடிவில் தோன்றாது. இதனை எழுதினோன் பிழை என்று எவரும் கூறார். எழுத்தாணி ஓலையைக் கிழிக்குமாதலின் புள்ளி விடப்பட்டது என உணர்ந்து, இடம் நோக்கிப் படிக்கின்றோம். எழுதப்பெற்ற பொருளின் இயல்பறிந்து படித்தலே ஆராய்ச்சியாளர்க்குரிய படிப்பாகும். ஆனால் பழைய ஒளிப்படங்களைச் சான்று காட்டுமிடத்து இவ்விழிப்பு நம்மிடையே குறைந்து காணப்படுகின்றது. கருவி கண்டதைக் காட்டிற்று. ஆதலின் அது பொய்யாது என்பதே பலர்தம் கருத்து. இக்கருத்து எத்துணை ஏற்புடைத்து என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் பழம்படங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஒளிப்படக் கலை 1839ஆம் ஆண்டில் உலகறிய வெளிப்பட்டது. பிரான்சு நாட்டு டாகேர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவைப் பதித்துப் பாதரச ஆவியால் துலக்கினார். அத்தகடு ஒன்றே படம், அதற்குப் படியில்லை. ஆங்கில நாட்டு டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற முறையோ தாளை அடிப்படையாகக் கொண்டது. ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் மாறிநிற்கும் எதிர்ப்படிவம் ஒன்றினின்று பல படிகள் எடுக்கலாயின. 1851இல் லெ கிரே என்பார் தாளுக்கு முன்னரே மெழுகூட்டும் முறையை வெளியிட்டார். அத்தாளை முன்னதாகவே பக்குவஞ்செய்து எடுத்துச் செல்லலாம். படம் பிடித்தவுடன் துலக்கவும் வேண்டுவதில்லை. அதே ஆண்டில் ஆர்ச்சர் வெளியிட்ட கண்ணாடித் தகட்டு முறை தெளிவு மிக்கதாயினும், ஈரம் புலருமுன் எல்லாம் முடித்தாக வேண்டும். வெயில் மிக்க நாட்டில் நெடுவழி செல்வார்க்கு மெழுகுத்தாளே ஏற்றதாயிற்று.

அவ்வாறு சென்றவருள் ஒருவர் லின்னேயசு டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாயிருந்த இவர், 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவின் படங்களை எடுத்தார். பின்னர்ச் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பெற்றார். 1857 இறுதியில் புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை முதலிய இடங்களைப் படமாக்கினார். பெரும்பாலும் மெழுகுத்தாள் எதிர்ப்படிவங்களே இவர் கையாண்டவை.

இப்படங்களைப் படிக்குங்கால் மூன்றனை உளங்கொளல் வேண்டும். முதலாவது வானம். அக்கால வெள்ளி உப்புக்கள் நீல ஒளிக்கே மிக உணர்ச்சியுடையன. கோயிலின் கல் பதியுமளவு கருவியைத் திறந்து வைத்தால், வானம் அளவிறந்த ஒளி பெற்று வெறுமையாய் அல்லது கறைபட்டுத் தோன்றும். டிரைப் எதிர்ப்படிவத்தின்மேல் வண்ணந்தீட்டி மேகங்களை வரைந்தார். மரத்தழைகளையும் சிற்சில இடங்களில் திருத்தினார். ஆகவே விமானத்தின் பின் மிதக்கும் மேகம் தஞ்சை வானத்து மேகமன்று. இரண்டாவது நிறம். செம்மையும் மஞ்சளும் அவ்வுப்புக்களை நன்கு தாக்கா; அந்நிறப் பூச்சுக்கள் கருமையாகவே பதியும். படத்திற் காணும் கருமை கொண்டு சுவர் புகையுண்டது என்றோ பாழ்பட்டது என்றோ முடிவு செய்தல் கூடாது. மூன்றாவது மக்கள். கருவி நெடும்பொழுது திறந்திருந்தமையின் நடமாடியோர் பதிந்திலர். ஆளரவமற்ற பிராகாரத்தைக் கண்டு வழிபாடு அருகிய காலம் எனக் கூறுவார் கூற்று, புள்ளியில்லாச் சுவடியைப் பிழையெனக் கூறுவதனோடு ஒக்கும்.

இங்ஙனமாயின், கைபட்ட படம் சான்றாகாது எனத் தள்ளிவிடலாமோ எனின், அன்று. டிரைப்பின் பணிகளுள் தமிழாராய்ச்சியாளர்க்கு மிக நெருங்கியது, பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுக்களைக் காட்டும் 1858ஆம் ஆண்டுத் தொடர்படம். 21 படங்களை இணைத்து ஏறத்தாழ 19 அடி நீளமாக அது அமைந்துள்ளது. ஈண்டு வானமில்லை, அழகூட்டலுக்கு இடமில்லை. கல்லும் எழுத்துமே உள்ளன. எனினும் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்தாலன்றி ஒளிப்படத்தில் எழுத்துத் தோன்றாது. மைப்படியோ கல்லையே தொட்டு எடுப்பது. ஒளி எத்திசையினின்று வரினும் அதற்குக் கேடில்லை. ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் இரண்டாந் தொகுதியின் முதற்பகுதி 1891இல் வெளிவந்த பின்னரே இராசராசன் கல்வெட்டுக்கள் அறிஞர் கையில் நூலாகக் கிடைத்தன. எழுத்தைப் படித்தற்கு ஒளிப்படம் மைப்படிக்கு ஈடாகாது என்பது வெளிப்படை. ஆயின் மைப்படி தாராத ஒன்றனை ஒளிப்படம் தருகின்றது. எவ்வரி எக்கல்லில் நின்றது, எத்தூணின் அருகே மடங்கிற்று, எக்கல் அன்றே சிதைந்திருந்தது என்பவற்றை ஒருசேரக் காட்டுவது அதுவே. கல்வெட்டினை வெறும் வாசகமாகக் கொள்ளாது கட்டடத்தின் உறுப்பாகக் கொள்வார்க்கு இஃது அரிய துணையாம்.

இத்தகைய பணி நெடிது நிலைக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சார்லசு டிரெவெலியன் செலவினைக் கருதி இதனை நிறுத்த, 1860இல் டிரைப்பின் ஒளிப்பட நிலையம் மூடப்பெற்றது. எஞ்சிய படங்கள் இன்று அருங்காட்சியகங்களின் சேமங்களினின்று கணினி வழியே எளிதிற் கிடைக்கின்றன. எளிதிற் கிடைத்தலின் எளிதிற் சான்றாகின்றன. படத்தை எடுத்தாளும் மாணவர், எடுத்தோர் பெயரும் ஆண்டும் குறித்தலோடு அமையாது, தாளோ தகடோ, எம்முறையிற் பதிந்தது, எங்குக் கைபட்டது என்பவற்றையும் குறித்தல் வேண்டும். சுவடியின் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பிற் காட்டும் நாம், ஒளிப்படத்திற்கு மட்டும் அக்கடமையை நெகிழ விடுதல் முறையன்று.